லேசான கரப்பானா? ட்யூபைத் தேடும் முன் இதைச் செய்து பாருங்கள்

முழங்கை மடிப்பில் சொரசொரப்பு, கழுத்தில் சிவப்பு, ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கிற அரிப்பு. கரப்பான் (எக்ஸிமா) என்கிற இதனோடு பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இதை எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான், நான் டாக்டர் இல்லை. முதல் நாலைந்து வருடம் நான் செய்தது எல்லாமே தப்பு. மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டிக் காட்டினால் ஒரு ட்யூப் தருவார்கள், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் குழைத்தது. தடவிய மூன்றாம் நாள் தோல் வழவழவென்று ஆகிவிடும். நிறுத்திய பத்தாம் நாள், ஊருக்குப் போன விருந்தாளி பெட்டியோடு திரும்பி வந்து நிற்கிற மாதிரி அதே இடத்தில் அதே அரிப்பு. மறுபடியும் ட்யூப். கடைசியில் மடிப்பில் தோல் மெலிந்துபோய் உள்ளே நரம்பு நீலமாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பயந்துகொண்டு தோல் டாக்டரிடம் போனேன். அவர் ட்யூபைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாசத்துக்கு எவ்வளவு மாய்ஸ்சரைசர் காலி பண்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நான் திருதிருவென்று விழித்தேன்.

ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளில் 14-ஐ டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் மத்திய அரசு 2018-லேயே சேர்த்துவிட்டது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே ஓட வேண்டாம். வீரியம் குறைந்ததை டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போட்டால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் வராது. அப்புறம் இன்னொன்று, வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள், அதிலும் முகத்தில் போடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் தோல் எரிந்து சிவந்து முன்னைவிட மோசமாகலாம், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நான் சொல்லப்போவது லேசான கரப்பானுக்கு மட்டும்: அங்கங்கே வறட்சி, கொஞ்சம் சிவப்பு, வந்து வந்து போகிற அரிப்பு, தூக்கம் பெரிதாகக் கெடாத நிலை.

முதலில் அது கரப்பான்தானா என்று பாருங்கள். வட்டமாக வந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்துகொண்டே பரவினால் அது படை. பூஞ்சைத் தொற்று. அதற்கு மாய்ஸ்சரைசர் தடவிப் பிரயோஜனம் இல்லை, ஸ்டீராய்டு தடவினாலோ உருவம் மாறி டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொடிப்பொடியாக இருந்து, ராத்திரியில் அரிப்பு தூக்கி, வீட்டில் இன்னும் இரண்டு பேரும் சொறிந்துகொண்டிருந்தால் சிரங்காக இருக்கலாம். அதற்குக் குடும்பமே சேர்ந்து ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். வாட்ச் பட்டைக்கு அடியில், பெல்ட் பக்கிள் படுகிற இடத்தில், கவரிங் தோடு போட்ட காதில், ஒட்டுப்பொட்டு வைக்கிற நெற்றியில் என்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அந்தப் பொருளின் மேல் சந்தேகப்படுங்கள். நிக்கலோ பசையோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், கழற்றி வைத்தாலே பாதி அடங்கும். கரப்பான் பெரும்பாலும் மடிப்புகளைத் தேடி வரும், முழங்கையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம், கழுத்து. கைக்குழந்தை என்றால் கன்னம். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ காலையில் அடுக்குத் தும்மலோ இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கரப்பான் வந்த தோல் ஓடு விலகிய கூரை மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், வெளியே இருக்கிற சோப்பும் தூசியும் வியர்வை உப்பும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்தோலை இறுக்கமாக வைத்து ஈரத்தைக் காப்பாற்றுகிற ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் உண்டு, அதற்கான மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் காரணம் அது ஒன்றே இல்லை, ஆனால் கூரை ஒழுகுகிறது என்பது எல்லோருக்கும் பொது. ஆகவே "ரத்தம் கெட்டுப்போச்சு, பேதிக்குச் சாப்பிடு" என்கிற பெரியப்பாவிடம் வாதம் பண்ணாமல் தலையாட்டிவிட்டு வந்து, கூரையை வேய ஆரம்பியுங்கள்.

குளியலில் இருந்து தொடங்கலாம்

நம் தோலின் pH, அதாவது அமில-கார அளவு, 5-ஐ ஒட்டி இருக்கும், அது லேசான அமிலம். சாதாரணக் கட்டி சோப்புக்கு அது 9, 10 என்று காரப் பக்கம் போகும். கை வெடித்து, கால் வெளுத்துக் கிடக்கிறவர்கள்தான் "சுத்தமாக இருந்தால் போய்விடும்" என்று இரண்டு வேளையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள், நானும் தேய்த்தவன்தான். இப்போது அக்குள், இடுப்பு, பாதம், இந்த மூன்றுக்கு மட்டும் சோப்பு. அதுவும் 'சோப்-ஃப்ரீ' என்றோ 'சின்டெட்' என்றோ எழுதியிருக்கிற வாசனையில்லாத கட்டி. மற்ற இடங்களுக்குத் தண்ணீர் போதும், நாறிவிடாது, பயப்படாதீர்கள். குளிக்கிற தண்ணீரில் ஆன்டிசெப்டிக் திரவத்தை மூடி மூடியாக ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கரப்பான் தோலுக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும். பீர்க்கங்காய் நார், ஸ்க்ரப், கருங்கல் எல்லாம் வேறு யாராவது உபயோகித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பு, அதற்கு மேல் சூடு வேண்டாம். அரிக்கிற இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றினால் ஒரு சொர்க்கம் தெரியும், அனுபவித்தவர்களுக்குப் புரியும். அந்தச் சொர்க்கம் அரை மணி நேரத்தில் வட்டியோடு திரும்பக் கேட்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளியலை முடியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் நாலு தேய் தேய்ப்போம், கடைசியில் வெள்ளையாக ஒரு படலம் தோலிலேயே தங்கிவிடும். அதனால் உப்புத்தண்ணீர் வீடு என்றால் சோப்பை இன்னும் குறையுங்கள். தண்ணீரை மென்மையாக்குகிற மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள், 2011-ல் முடிவு வந்தது, மெஷின் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் கரப்பானில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. குளிக்கிற தண்ணீரில் கலக்கிற எண்ணெய்களுக்கும் அதே கதிதான், 482 குழந்தைகளிடம் பார்த்து 2018-ல் கைவிரித்துவிட்டார்கள். அந்தக் காசுக்கு மாய்ஸ்சரைசர் வாங்குங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டாமா என்றால், எண்ணெயில் தப்பில்லை, அதை எடுக்கிறேன் என்று சீயக்காயைப் போட்டுப் பரபரவென்று தேய்ப்பதில்தான் வினை. தலைக்குப் போடுங்கள், கை கால் மடிப்புகளை விட்டுவிடுங்கள்.

மூன்று நிமிடம்

இந்த மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். குளித்து முடித்ததும் பழைய ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் முழுக்கக் காயக் கூடாது, லேசாக ஈரம் நிற்க வேண்டும். அந்த ஈரம் போவதற்குள், ஒரு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். குளியலறைக்குள்ளேயே டப்பாவை வைத்துவிடுவதுதான் வழி. வெளியே வந்து, டிரஸ் மாற்றி, போன் பார்த்து, அப்புறம் தடவலாம் என்றால் கூரையில் இருந்த ஈரம் ஏற்கனவே போயிருக்கும். (தரை வழுக்கும், ஜாக்கிரதை. நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன்.)

அளவைப் பற்றித்தான் யாரும் நம்மிடம் சொல்வதில்லை. பிரிட்டனில் டாக்டர்கள் சீட்டு எழுதுகிற கணக்குப்படி, தோளில் இருந்து மணிக்கட்டு வரை இரண்டு கைக்கும் வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் க்ரீம். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுவதும் என்றால் வாரம் அரைக் கிலோ. நாம் 50 மில்லி பாட்டிலை வாங்கி, பட்டாணி அளவு எடுத்து, பவுடர் போடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு வைத்து நாலு மாதம் ஓட்டிவிட்டு "எனக்கு மாய்ஸ்சரைசர் வேலை செய்யவில்லை" என்கிறோம். மடிப்புகளில் மட்டும் இருக்கிற லேசான கரப்பானுக்கு அரைக் கிலோ எல்லாம் வேண்டாம்தான், ஆனால் மாதக் கடைசியில் 200 கிராம் டப்பா காலியாகிறதா என்று பாருங்கள். என் வீட்டு அளவுகோல் அதுதான். காலியாகவில்லை என்றால் நீங்கள் தடவவில்லை, நினைத்துக்கொள்கிறீர்கள்.

குறைந்தது இரண்டு வேளை, அரிப்பு வந்தால் நடுவிலும். முடி வளர்கிற திசையில் மேலிருந்து கீழாக நீவி விடுங்கள், வட்டம் போட்டுத் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். தோல் நன்றாக ஆன பிறகும் தொடருங்கள், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

எதை வாங்குவது? லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நாலையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. எதுவும் இன்னொன்றைவிட உசத்தி என்று தேறவில்லை. ஆகவே விலை கட்டுப்படியாகிற, தினமும் பூச உங்களுக்கு மனசு வருகிற ஒன்று போதும். என்னைக் கேட்டால், ராத்திரிக்குச் சாதாரண வெள்ளை வாசலின் மாதிரி மலிவானதும் உறுதியானதும் இல்லை, வாசனை கிடையாது, எரியாது, ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும். ஆனால் சென்னை மே மாதத்தில் பகலில் அதைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினால் வியர்வை அடைத்து உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலுக்குக் கிளிசரினோ செராமைடோ இருக்கிற இலேசான க்ரீம். யூரியா கலந்தது தடித்துப்போன வறட்டுத் தோலுக்கு நல்லது, வெடிப்பில் பட்டால் எரியும், சின்னக் குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். லேபிளில் 'ஃபிராக்ரன்ஸ்-ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். 'அன்சென்டட்' என்பது வேறு சமாச்சாரம், ஒரு வாசனையை மறைக்க இன்னொன்றைச் சேர்த்துவிட்டும் அப்படி எழுதலாம். புதிதாக வாங்கியதை முன்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வாரம் இரண்டு வேளை தடவிப் பார்த்த பிறகு மற்ற இடத்துக்குப் போங்கள்.

எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தேங்காய் எண்ணெயை, செக்கிலோ பாலிலிருந்தோ எடுத்த சுத்தமானதை, பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசி, மினரல் ஆயிலோடு ஒப்பிட்டு 2014-ல் முடிவு சொன்னார்கள், தேங்காய் எண்ணெய்தான் ஜெயித்தது. ஈரத் தோலில் பூசுவது இங்கேயும் முக்கியம். ஆலிவ் எண்ணெய் வேண்டாம், பணக்கார எண்ணெய் என்று குழந்தைக்குத் தடவுகிறார்கள், அது தோலின் காப்பை இன்னும் கெடுக்கும் என்று 2013-ல் சோதித்தே சொல்லிவிட்டார்கள். கடுகு எண்ணெயும் எரிச்சல் சாதிதான்.

இன்னொரு எச்சரிக்கையை டப்பாவில் சின்ன எழுத்தில்தான் போடுகிறார்கள்: வாசலினும் எண்ணெயும் ஊறிய துணி தீப்பட்டால் மளமளவென்று பிடித்துக்கொள்ளும், துவைத்தாலும் முழுசாகப் போவதில்லை. பூசிக்கொண்ட கையோடு, அதே நைட்டியோடு, விளக்கேற்றவோ அடுப்பில் குனியவோ வேண்டாம்.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். நம் பாட்டிகளை நான் மதிக்கிறேன். ஆனால் சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் பச்சை இலையை அரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து அப்பினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் நீர் கோத்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. எலுமிச்சை, பூண்டு, வினிகர் பக்கம் போகவே வேண்டாம். சித்த மருத்துவத்தில் அருகன் தைலம் மாதிரி கரப்பானுக்கென்றே தைலங்கள் உண்டு, வேண்டுமானால் படித்த சித்த மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் 'மூலிகை' என்று விற்பது மூன்றே நாளில் அற்புதம் செய்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுவது நல்லது.

அரிக்கும்போது

சொறியாதே என்று சொல்வது சுலபம். சொறிந்தால் தோல் கிழியும், கிழிந்தால் அரிக்கும், அது ஒரு செக்குமாட்டு வட்டம். நகத்தை ஒட்ட வெட்டி ஓரத்தை ராவிவிடுங்கள், தூக்கத்தில் சொறிகிற கையை யாரும் காவல் காக்க முடியாது. அரிப்பு எழும்போது குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு, எடுத்ததும் மாய்ஸ்சரைசர். டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சுகம். கை பரபரத்தால் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து மெதுவாக முப்பது எண்ணுங்கள், கேட்கச் சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் முக்கால்வாசி நேரம் அலை தாண்டிவிடும்.

அரிப்பு அதிகமான ராத்திரிகளில் நான் செய்வது: மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசி, பழைய வேட்டித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சுற்றி, அதன் மேல் உலர்ந்த துணி ஒரு சுற்று. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு மறுபடி பூசிக்கொண்டு தூங்குவேன். சீழோ நீர்க்கசிவோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. குழந்தைக்கு என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள், குளிர் பிடித்துக்கொள்ளும்.

ஓட்ஸ் கூட உதவும். ஒன்றும் கலக்காத ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள், ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்காமல் பால் மாதிரி கலங்க வேண்டும், அதுவே பதம். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் போடலாம், கடைசி மக் தண்ணீராகவும் ஊற்றிக்கொள்ளலாம். செட்ரிசின் மாதிரி அரிப்பு மாத்திரைகள் இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை, அவை தடுப்பது ஹிஸ்டமின் என்கிற ரசாயனத்தை, கரப்பான் அரிப்பு அந்த வழியாக மட்டும் வருவது இல்லை.

வியர்வை நம் ஊரில் பாதி எதிரி. வியர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றிவிட்டு மறுபடி பூசுங்கள், உப்பு காய விடாதீர்கள். ஏசியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு எதிர்த்திசையில் பிரச்சினை, மேஜையில் ஒரு சின்ன ட்யூப் இருக்கட்டும். பருத்தி நல்லது, கம்பளியும் பாலியெஸ்டர் யூனிஃபார்மும் உறுத்தும், உள்ளே ஒரு பழைய பனியன் போட்டுவிட்டால் பள்ளிக்கூடத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. சட்டைக் கழுத்தில் குத்துகிற லேபிளை வெட்டிவிடுங்கள். துவைத்த துணியை இன்னொரு தடவை அலசுங்கள், வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற திரவத்தை நிறுத்துங்கள். பாத்திரம் துலக்குகிறவர்களுக்கு மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் மட்டும் என்றால் உள்ளே வியர்த்து இன்னும் அரிக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கத்தரிக்காய், கருவாடு, இது 'கரப்பான் பண்டம்', அது 'கரப்பான் பண்டம்' என்று பட்டியல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒன்றைச் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அரிப்பு கூடுகிறது என்றால் அதை ஒதுக்குங்கள், யார் தடுக்கப்போகிறார்கள். ஆனால் குழந்தைக்குப் பால், முட்டை, கடலை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகாதீர்கள். வளர்ச்சி குறையும் என்பது ஒரு பக்கம், நீண்ட நாள் நிறுத்திய பிறகு திரும்பக் கொடுக்கும்போது முன்பு இல்லாத கடும் அலர்ஜி வந்த குழந்தைகளும் உண்டு. சாப்பிட்டவுடன் உதடு வீங்குவது, தடிப்பு எழும்புவது, வாந்தி எடுப்பது இருந்தால் டாக்டரோடு பேசித்தான் எதையும் முடிவு பண்ண வேண்டும். ப்ரோபயாடிக் மாத்திரையும் ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய்க் காப்ஸ்யூலும் பர்சுக்கு மட்டுமே வேலை வைக்கும்.

இதெல்லாம் ஒழுங்காக இரண்டு வாரம் செய்தும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம், டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ், கிரிசாபரோல் என்று ஸ்டீராய்டு இல்லாத பூச்சு மருந்துகளும் இருக்கின்றன. முகம், கண்ணிமை, கழுத்து மாதிரி தோல் மெலிந்த இடங்களுக்கு டாக்ரோலிமஸை விரும்பி எழுதுவார்கள். முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இவையும் சீட்டில்தான் வாங்க வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், சீழ் வைத்தால், தொட்டால் சுட்டால் பாக்டீரியா புகுந்திருக்கும். ஒரே மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, உடைந்து, ஆணியால் குத்திய மாதிரி குழி விழுந்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது உதட்டுப் புண்ணை உண்டாக்குகிற ஹெர்பீஸ் வைரஸ் கரப்பான் தோலில் பரவுவது. விடியும் வரை பொறுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் அவசரம். வீட்டில் யாருக்காவது உதட்டில் அப்படிப் புண் இருக்கும்போது கரப்பான் உள்ள குழந்தையைக் கொஞ்ச விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூபையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மோசமாக இருந்த நாளில் போனில் எடுத்த போட்டோவும் இருக்கட்டும், ஏனென்றால் டாக்டர் பார்க்கிற அன்றைக்கு மட்டும் அது சாதுவாக உட்கார்ந்திருக்கும்.